மேட்டு நீரும் பள்ளத்து நீரும்
(விழாக் கருத்தரங்கில் பங்கின் கண்மாய்க் குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தண்ணீரைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறீர்கள். விழா நாளில் ஒரு தோல்வியைச் சொல்லித் தொடங்குவதற்குப் பொறுத்தருள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் கண்மாயை நாமே தூர் வாரினோம். வீட்டுக்கு வீடு வசூல் செய்தோம். இயந்திரம் பிடித்தோம். கருவேல முள்ளை வேரோடு களைந்தோம். கரையில் நின்று படமும் எடுத்துக் கொண்டோம். ஐப்பசி மழையும் குறைவில்லாமல் பெய்தது. ஆனால் கண்மாயில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கவில்லை. மேலே நடந்து போய்ப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கிற்று. வரத்துக்கால் மண் மேவி, சில இடங்களில் வயலாகவே மாறிக் கிடந்தது. மேல்கண்மாய் ஊர்க்காரர்களை நாம் ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்கவில்லை. அவர்கள் கோயில் வேறு, நம் கோயில் வேறு என்று இருந்துவிட்டோம். மழைக்கு அந்தப் பேதம் தெரியுமா?

அந்த வெட்கத்துக்குப் பிறகுதான் மற்ற இடங்களில் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றுள் எங்கள் மனதில் ஆழப் பதிந்தது மராட்டிய மாநிலத்தின் அகமதுநகர் மாவட்டம். 2024 முதல் அதற்கு அகில்யாநகர் என்று பெயர். சகியாத்திரி மலைக்குக் கிழக்கே, மழை மறைவில் கிடக்கும் பூமி. 1972-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அங்குள்ள முதியவர்கள் இன்றும் மறக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்து 1948-ல் நம் நாட்டுக்கு வந்த சேசு சபைத் துறவி அருட்தந்தை ஹெர்மன் பாகர் அந்த மண்ணில் உழவர்களோடு பல பத்தாண்டுகள் உழைத்தார். 2021-ல் அவர் இறைவனடி சேர்ந்தார். கிணறு வெட்டிக் கொடுப்பது பெரிய உதவிதான். ஆனால் கிணற்றுக்குள் தண்ணீர் வர வேண்டுமே! மழை விழும் மேட்டிலேயே அதைத் தடுத்து மண்ணுக்குள் இறக்க வேண்டும். மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு வருவதே அவ்வேலையின் முறை.

இதைத் தனி ஒரு மனிதரோ ஒரு சபையோ செய்துவிட முடியாது. 1992-ல் இந்திய ஜெர்மன் நீர்வடிப்பகுதித் திட்டம் மராட்டியத்தில் நடைமுறைக்கு வந்தது. பணம் ஜெர்மன் அரசு தந்தது. அதை இங்கே நிர்வகித்தது நபார்டு வங்கி. கிராம மக்களைப் பயிற்றுவிக்க, 1993-ல் அருட்தந்தை பாகரும் கிறிஸ்பினோ லோபோவும் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார்கள். வேலை செய்தவர்களோ கிராமத்தார். கிராம சபை கூடித் தேர்ந்த குழுவே பொறுப்பேற்றது. இத்தனை கைகள் சேர்ந்தால் குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். வரத்தான் செய்யும். அதனால்தான் பணம் வருமுன்பே நிபந்தனை வைத்தார்கள். ஊரார் முதலில் சிரமதானம் செய்து தங்கள் ஒற்றுமையைக் காட்ட வேண்டும். மரம் வெட்டக் கூடாது. மலைச்சரிவில் மாடு ஆடுகளைக் கட்டின்றி மேய்க்கக் கூடாது. கூலியில் ஒரு பங்கை ஊரே உழைப்பாகத் தர வேண்டும். நிலமற்றவர்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் அதில் விலக்கு உண்டு. இந்த விலக்கைப் படித்தபோது எங்கள் வசூல் நோட்டு நினைவுக்கு வந்தது. நாம் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையைத்தான் எழுதியிருந்தோம்.

இன்னொரு வழக்கமும் எங்களைக் கவர்ந்தது. திட்டத்தை அலுவலக மேசையில் வரைவதில்லை. கணவனும் மனைவியும் தங்கள் நிலத்திலேயே நின்று, எங்கே வரப்பு, எங்கே கல் தடுப்பு, எங்கே மரக்கன்று என்று பொறியாளரோடு பேசி முடிவு செய்வார்கள். தன் கையால் இடம் காட்டிய வரப்பைப் பிறகு யார் உடைப்பார்?

மழையின் கணக்கு எளிது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். 500 மில்லிமீட்டர் பெய்தால் 50 லட்சம் லிட்டர். மழை குறைந்த பூமியிலும் வானம் இவ்வளவு கொடுக்கிறது!

ஆனால் ஒரு கசப்பையும் மறைக்கக் கூடாது. மேய்ச்சலுக்குத் தடை போட்டால் முதலில் அடிபடுவது ஆட்டுக்காரர்களே. தண்ணீர் ஏறினால் முதலில் பயனடைவது பள்ளத்தில் கிணறு உள்ளவர். அது மட்டுமா? நீர் ஊறியதும் ஆழ்துளைக் கிணறுகள் முளைக்கின்றன, கரும்பு வருகிறது, சேர்த்ததெல்லாம் போகிறது. அதே மாவட்டத்து ஹிவரே பஜார் கிராமம் இதற்கு ஒரு வழி கண்டது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு வேண்டாம், கரும்பு வேண்டாம் என்று கட்டுப்பாடு செய்தார்கள். ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, இவ்வாண்டு என்ன பயிர் என்று ஊர் கூடித் தீர்மானிக்கிறார்கள். அவ்வூர்த் தலைவராயிருந்து வழிநடத்திய போபட்ராவ் பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தூர் வாருவதைவிடக் கரும்பை விடுவது கடினம் என்பது எங்கள் எண்ணம்.

நமக்கு இது புதிதா என்றால், இல்லை. குடிமராமத்து நம் பாட்டன்மார் செய்த வேலை. 1858-ல் ஆங்கிலேயர் அதைச் சட்டக் கட்டாயமாகவே ஆக்கினார்கள். 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே மீண்டும் ஒரு திட்டம் தொடங்கிற்று. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகப் பணியோ நம் குறையை நேரே தொடுகிறது. ஒரு கண்மாய்க்கு ஒரு சங்கம் என்று நிறுத்தாமல், ஒன்றின் உபரி நீர் மற்றொன்றுக்குப் போகும் கண்மாய்த் தொடர் முழுவதற்கும் சங்கங்களை இணைக்கிறார்கள். மேல்கண்மாயின் கலுங்கு வழிந்தால்தானே கீழ்க்கண்மாய்க்கு நீர்!

ஆகவே சென்ற மாதம் எங்களில் நால்வர் மேல்கண்மாய் ஊருக்குப் போனோம். முதலில் திண்ணையில்கூட உட்காரச் சொல்லவில்லை. "தூர் வாரினபோது நாங்கள் நினைவுக்கு வரலியோ?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பதில் இல்லாமல் நின்றோம். பிறகு மோர் வந்தது. வரத்துக்காலில் பயிர் வைத்திருப்பவர்களுள் இருவர் மிகவும் ஏழைகள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அவர்களுக்கு மாற்று வழி சொல்லாமல் மண்வெட்டியோடு வரக் கூடாது என்று அவ்வூரார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான்.

அடுத்த ஞாயிறு மாலை அவர்கள் கலுங்கின் பக்கத்தில் இரண்டு ஊரும் கூடுவதென்று பேசியிருக்கிறோம். பழைய வரத்துக்கால் வரைபடமோ, பட்டா நகலோ வைத்திருப்பவர்கள் தயவு செய்து எடுத்து வாருங்கள். நீர்க்கட்டி வேலை பார்த்த குடும்பத்தாரும் வர வேண்டும். எந்த மடை எப்போது திறந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தாய்மார்களும் வாருங்கள். குடத்தோடு நடப்பவர்கள் நீங்கள்தானே.