மண்ணுக்குள் வாழும் அந்தமான் புழுப்பாம்பு

அந்தமான் காடுகளின் செல்வம் எது என்று வினவினால் படாக், கர்ஜன் முதலிய மரங்களின் பெயர்களே முதலில் கூறப்படும். அம்மரங்களின் வேரடியில் வாழும் உயிர்கள் கணக்கில் ஏறுவது அரிது. அவற்றுள் ஒன்று அந்தமான் புழுப்பாம்பு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா 1871-ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் கிடைத்துள்ள மாதிரிகள் மிகச் சிலவே. அந்தமானைத் தவிர வேறெங்கும் இது வாழ்வதாகத் தெரியவில்லை.

இங்குக் குழுமியுள்ள மாணவர்கள் இதனை நேரில் கண்டால் மண்புழு என்றே கருதக்கூடும், அதில் குற்றமில்லை. உடல் அத்துணை மெல்லியது. கண்கள் செதிலுக்கு அடியில் மங்கிய புள்ளிகளாக அமைந்துள்ளன. வழவழப்பான செதில்கள் மண்ணுள் ஊர்ந்து செல்ல உதவுகின்றன. நஞ்சு கிடையாது. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளும் இளம் புழுக்களுமே இவ்வகைப் பாம்புகளின் இரை.

இதே தோற்றமுடைய மற்றொரு புழுப்பாம்பு நாட்டின் தோட்டங்களில் பரவலாகக் காணப்படுகிறது. அவ்வினத்தில் ஆண் இல்லை. பெண் தனித்தே இனம் பெருக்கும். ஆதலால் பூந்தொட்டி மண்ணோடு ஒன்று சென்று சேர்ந்தாலும் போதும், புதிய நாட்டில் குடியேறிவிடும். இவ்வாறே அது உலகின் வெப்பப் பகுதிகள் பலவற்றிற்கும் பரவியது. தீவுக்கே உரிய பாம்புக்கு இந்த வசதி இல்லை. எனவே ஆய்வறிக்கையில் ‘புழுப்பாம்பு உண்டு’ என்று மட்டும் எழுதுவது பயனற்றது. செதில் வரிசைகளை உருப்பெருக்கியின் கீழ் எண்ணிய பின்னரே எவ்வினம் என்று கூற இயலும்.

மரக்கவிகை அகன்றால் தரை வெயிலில் உலர்கிறது. கனரக இயந்திரங்கள் ஏறிய மண் இறுகிவிடுகிறது. இழந்த காட்டிற்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடலாம் என்பது விதி. கிரேட் நிகோபாரில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை வேறு பயனுக்கு மாற்ற 2022-இல் கொள்கையளவில் ஒப்புதல் அளிக்கப்பட்டபோது, ஈடு செய்யும் காடு வளர்ப்புக்கு ஹரியானா குறிப்பிடப்பட்டது. அந்தமான் புழுப்பாம்பு அத்தீவுக்கு உரியதன்று. ஆயினும் கணக்கிடும் முறை ஒன்றே. ஹரியானாவில் மரம் வளரும். தீவு மண்ணின் உயிர்கள் அங்கு வாரா.

பகலில் காட்டுப் பாதையில் நடந்து எண்ணும் கணக்கெடுப்பில் இப்பாம்பு அகப்படாது. மழைக்குப் பின் மக்கிய கட்டைகளைப் புரட்டியும், சருகையும் மேல்மண்ணையும் சதுரம் சதுரமாகச் சலித்தும் தேட வேண்டும். சாலைக்கோ கட்டடத்திற்கோ நிலம் தோண்டுமிடத்தில் இறந்து கிடைக்கும் பாம்பையும் எறிந்துவிடலாகாது. அதனைச் சாராயத்திலிட்டு, இடமும் நாளும் குறித்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை மையத்திற்கு வனத்துறை வழியாக அனுப்புதல் வேண்டும்.