தை மாதத்தில் கள்ளக்குறிச்சி

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கள்ளக்குறிச்சியைப் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஒரு வாய் காபிக்காக இறங்குகிறவர்கள்கூட, மேற்கே நீல நிறமாகப் படுத்திருக்கும் மலைத்தொடரைக் கண்டு, "அது என்ன மலை?" என்று கடைக்காரரைக் கேட்டுவிட்டு, அவர் பாலை ஆற்றி முடித்துப் பதில் சொல்வதற்குள் ஹாரன் சத்தம் கேட்கவே ஓடிப்போய் ஏறிக்கொள்கிறார்கள்.

நேயர்களே, அந்தக் கடைக்காரர் சொல்லாமல் விட்ட பதிலைச் சற்று நிதானமாகச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஜவ்வாது மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் சகோதர ஸ்தானத்தில் இருப்பது. ஏறக்குறைய 1,095 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமும், பெரும்பாலும் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயரமும் உடையது. அதன் கிழக்கே விரிந்த சமவெளியில் இருக்கும் கள்ளக்குறிச்சி, நெடுங்காலம் தென்னாற்காடு ஜில்லாவின் ஒரு தாலுகாவாகவும், 1993க்குப் பிறகு விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாகவும் இருந்து, 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி தனி மாவட்டத்தின் தலைநகரம் என்னும் பதவியை அடைந்தது. பதவி உயர்ந்ததே தவிர ஊரின் சுபாவம் மாறிவிடவில்லை. கரும்புக்கு என்ன விலை, மரவள்ளி மூட்டை என்ன போகிறது, நெல்லுக்கு ஈரப்பதம் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பவையே இன்றும் இங்குள்ள டீக்கடைகளின் முக்கிய விவகாரங்கள்.

விடுமுறை என்றவுடன் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று பெயர் சொல்லப் பழகிவிட்டோம். கணவனும் மனைவியும் இரண்டு குழந்தைகளுமாகப் போவதற்கு அந்த ஊர்களுக்கு இணை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தாத்தா, ஆயா, பெரியப்பன் வீடு, சித்தப்பன் வீடு, கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்களுடைய மாப்பிள்ளைமார்கள், சம்பந்தி வீட்டார், சகலையின் சிநேகிதர், அந்தச் சிநேகிதர் தனியே வரக் கூச்சப்பட்டு உடன் அழைத்து வந்த அவருடைய மைத்துனர் என்று ஒரு பெரிய குடும்பம் மொத்தமாகக் கிளம்புமானால், அந்தக் குடும்பத்துக்கு வேடிக்கை காட்ட ஓர் ஊர் தேவையில்லை. அது தன் வேடிக்கையைத் தானே நடத்திக்கொள்ள இடம் விட்டு ஒதுங்கி நிற்கும் ஊர்தான் தேவை. அப்படிப்பட்ட ஊர் கள்ளக்குறிச்சி என்பது என் அபிப்பிராயம். அதற்கு உரிய காலம் போகிப் பண்டிகையில் தொடங்கித் தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் முடிகிற பொங்கல் பருவம்.

என் நண்பர் ஒருவருடைய பூர்வீக வீடு கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஆண்டில் மற்ற மாதங்களில் தாத்தாவும் ஆயாவும் மட்டுமே புழங்குகிற அந்த வீட்டில் தை பிறந்ததும் நாற்பது பேருக்குக் குறையாமல் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே எழுகிற முதல் பிரச்சினை, யார் எங்கே படுப்பது என்பது. கூடத்தில் பெண்கள், திண்ணையில் முதியவர்கள், பனியானாலும் பரவாயில்லை என்று மொட்டை மாடியில் இளைஞர்கள் என்று சமாதானமாகப் பிரிந்த பிறகும், குறட்டையில் பெயர் பெற்ற சித்தப்பா ஒருவர் மிச்சமாக நின்றார். ஆயா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவனைக் களத்துல கட்டில் போட்டுப் படுக்கச் சொல்லுங்கப்பா. மாடு பழகிக்கும், மனுசங்க பழகமாட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெற்ற தாயே சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது?

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசுவதில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இருக்கிற உற்சாகம் சொல்லி முடியாது. கொம்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி, அடியில் ஒரு நிறமும் நுனியில் ஒரு நிறமுமாகத் தீட்டி, சலங்கை கட்டி, கழுத்தில் நெட்டி மாலை போடுவார்கள். அந்த வீட்டில் பெரியப்பா ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி. இருவரும் அவரவர் கொடியின் வர்ணத்தோடு தொழுவத்துக்கு வந்து சேரவே, ஒரே ஜோடி எருதுகளை முன்னிட்டு ஒரு சட்டசபை விவாதமே நடந்தது. கடைசியில், வலது மாடு பெரியப்பாவுக்கும் இடது மாடு மாமாவுக்குமாகத் தொகுதி உடன்பாடு ஏற்பட்டு, சாயங்காலம் பட்டியில் பொங்கல் பொங்கியபோது "பொங்கலோ பொங்கல்" என்று இரு தரப்பாரும் ஒரே குரலில் கூவினார்கள். மாடுகள் இரண்டும் மறுநாள் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டன.

காணும் பொங்கலன்றுதான் மலைப் பிரயாணம். வாடகை வேன் ஒன்று, சொந்தக் கார்கள் இரண்டு, மோட்டார் சைக்கிள்கள் பல. புளிச்சோற்று அண்டா, தயிர்ச்சோற்று அண்டா, முறுக்கு டின், வாழையிலைக் கட்டு, விரிப்பதற்கு ஜமுக்காளம். எல்லாம் ஏறிய பிறகு தலையை எண்ணினால் ஒரு தலை குறையும். தேடினால், அந்தத் தலை முன்பே வேனின் பின் ஆசனத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். இந்தச் சடங்கு முடிந்து கச்சிராயபாளையம் சாலையில் திரும்பினால், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களும் லாரிகளும் வரிசையாக முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும். தை மாதம் அரவைக் காலம். வெல்லப்பாகின் வாசனை காற்றோடு கலந்து வரும். கூட்டுறவு ஆலைகள் இந்த மாவட்டத்தில் இரண்டு: ஒன்று இந்தக் கச்சிராயபாளையத்தில், மற்றொன்று வடக்கே மூங்கில்துறைப்பட்டில். முந்திச் செல்ல முடியாத சாலையில் டிரைவர் பொறுமை இழக்கலாம். பின்னால் இருக்கும் பிள்ளைகளோ அந்தத் தாமதத்தை ஒரு வரமாகக் கருதி, டிராக்டர்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி ஆளுக்கொரு கரும்பு சம்பாதித்துவிடுகிறார்கள்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் கோமுகி அணை. மலையிலிருந்து இறங்கிவரும் கோமுகி ஆற்றை அடிவாரத்திலேயே தடுத்து 1960களில் கட்டப்பட்ட இந்த அணையின் முழுக் கொள்ளளவுக்கு உரிய நீர்மட்டம் 46 அடி. மேட்டூரையும் சாத்தனூரையும் பார்த்தவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றலாம்; இந்தப் பிரதேசத்து விவசாயிகளுக்கு இதுவே மேட்டூர். காணும் பொங்கலன்று கரைமேல் நிற்க இடம் இராது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களெல்லாம் இங்கே வந்துவிடுவதால், ஓர் உறவினரைப் பார்க்கப் புறப்பட்டுப் போகாமலே அணைக்கரையில் சந்தித்து, நலம் விசாரித்து, ஒரு வரன் விஷயமாக ஜாதகத்தைக்கூடப் பேசி முடித்துக்கொள்ள முடிகிறது.

அணைக்கு மேற்கே சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. வேனில் இருந்த பாட்டுச் சத்தம் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அடங்கி, ஐந்தாவது வளைவில் எலுமிச்சம்பழம் கைமாறத் தொடங்கியது. மலையேற ஏற வெயில் மெலிந்து, மூங்கிலும் கடுக்காய் மரமும் அடர்ந்து, இடையிடையே மரவள்ளிக் கொல்லைகளும் சாமை அறுத்த தாள் நிற்கும் சரிவுகளும் தென்படுகின்றன. இந்த மலையில் விளைகிற மரவள்ளியே சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாக மாறி, நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிறது.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தோடு இவர்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, பேசுவது தமிழ். தங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த சகோதரர்கள் என்றும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்றும் இவர்கள் ஐதிகம் கூறுகிறது. கரியராமர் இவர்களுடைய தெய்வம். நெடுங்காலம் இந்த மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களாக இருந்தது. 1976இல்தான் ஜாகீர் நிர்வாகம் முழுவதுமாக முடிந்து, மலை அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து முப்பது ஆண்டுகள் நெருங்கிய பிறகு, சாலையும் பள்ளிக்கூடமும் மெல்ல மலையேறின. உல்லாசமாகப் போகிறவர்கள் இந்த விருத்தாந்தத்தையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

சாலையோரத்தில் சாக்கு விரித்துக் கடுக்காய் காயப்போட்டிருந்த மூதாட்டியிடம் வேன் நின்றது. தோல் பதனிடவும் மருந்துக்கும் பயன்படும் இந்தக் காய்க்குக் கல்வராயன் மலை பெயர் போனது. நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்ந்து திரிபலா சூரணம் ஆவதும் இதுதான். பெரியப்பா கடுக்காயின் மகிமையைப் பற்றிப் பிரசங்கம் தொடங்கி அது முடியும் தறுவாயில், சென்னையிலிருந்து வந்திருந்த பேரன் ஒருவன், காய்ந்து பழுப்பேறி ஐந்து வரி விழுந்திருந்த ஒன்றை எடுத்துப் பேரீச்சம்பழம் என்று நினைத்து அழுத்திக் கடித்துவிட்டான். நாக்கு ஒட்டி, கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, சொல்ல வந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே வராமல் அவன் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு மூதாட்டி, "தண்ணி குடி சாமி, இப்ப இனிக்கும்" என்றார். குடித்தான், இனித்தது. பெரியப்பாவின் பிரசங்கத்தைவிட இந்த நிரூபணம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆயா மட்டும் ஒரு படி கடுக்காய் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மலையின் நடுநாயகமான ஊர் வெள்ளிமலை. கரியாலூரில் படகுத் துறை இருக்கிறது. அருவிகளில் மேகமும் கவியமும் நல்ல நடையும் துணிவும் உள்ளவர்களுக்கு உரியவை. இடுப்பில் குழந்தையும் கையில் அண்டாவுமாக வருகிறவர்களுக்கு ஏற்றது, வெள்ளிமலைச் சாலையோரத்திலேயே இருக்கும் பெரியார் நீர்வீழ்ச்சிதான். ஐப்பசி, கார்த்திகை மழையின் மிச்சம் தையிலும் ஓடும். குற்றாலத்தின் ஆரவாரம் இதில் இல்லை. இருந்தாலும், தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைமேல் நின்ற சம்பந்தியை, மச்சான்மார்கள் நால்வர் மரியாதையாக, "வாங்க மாமா, வாங்க" என்று சொல்லிக்கொண்டே குண்டுக்கட்டாகத் தூக்கி அருவிக்குள் நிறுத்தினார்கள். அதுவரை "சம்பந்தி, சம்பந்தி" என்று இரண்டு வீட்டாருக்கும் நடுவே இருந்து வந்த உபசாரத் திரை அன்றோடு விலகியது. பாறைமேல் இலை போட்டுப் புளிச்சோறு பரிமாறும்போது அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் கள்ளக்குறிச்சி நகரத்திலேயே கழியலாம். இவ்வூர்த் தச்சர்கள் வாகையிலும் தேக்கிலும் செதுக்கும் மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளில் உட்கார்ந்து பார்க்கத் தடையில்லை. தியாகதுருகத்தில் மலைக்கோட்டை இருக்கிறது. திருக்கோவிலூரில், ஓங்கி உயர்ந்து நிற்கும் உலகளந்த பெருமாளையும், கபிலர் உயிர் நீத்த இடம் என்று சொல்லப்படும் ஆற்றுக் குன்றையும் பார்த்துவிட்டால், அப்படியே தென்பெண்ணைக் கரைக்கு வந்துவிடலாம்.

தை ஐந்தாம் நாள் அந்த ஆற்றைப் பார்க்க வேண்டும்! மணலூர்பேட்டையில் தொடங்கிக் கடலூர் வரை, தென்பெண்ணையின் கரையூர்களெல்லாம் அன்று ஆற்றுக்குள் இறங்கிவிடும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே புறப்பட்டு, வழியூர்களின் உபசாரங்களை ஏற்றுக்கொண்டு, மணலூர்பேட்டைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார். சுற்றுப்புறக் கிராமங்களின் மாரியம்மன்களும் திரௌபதியம்மன்களும் மேளதாளத்தோடு வந்து சேர, மணலே ஒரு நகரமாகிவிடுகிறது. சாத்தனூர் அணையில் தண்ணீர் விட்டிருந்தால் ஆறு ஓடும். விடாத ஆண்டில் பிள்ளைகள் மணலைத் தோண்டி ஊற்றுக் கண்டு, அதில் குளித்ததாகப் பெயர் பண்ணிக்கொள்வார்கள். ராட்டினம், வளையல் கடை, கரும்புக் கட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுவள்ளிக் கிழங்கு. மண் வாசனை போகாத அந்தச் சிறு கிழங்கு வாங்காமல் ஆற்றுத் திருவிழாவிலிருந்து வீடு திரும்பிய குடும்பம் இந்த வட்டாரத்தில் கிடையாது. அவித்து, தோல் உரித்து, உப்பும் மிளகாயும் தடவி வறுத்தால், ஊருக்குப் புறப்படும் பைகளை மறந்துவிட்டு எல்லோரும் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

பிரயாணம் செய்ய விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். ரயிலில் வருகிறவர்கள் விருத்தாசலம் – சேலம் பாதையில் சின்னசேலத்தில் இறங்க வேண்டும். மலையில் இருட்டுமுன் கீழே இறங்கிவிடுங்கள். தையில் அங்கே குளிர் கடுமை, கம்பளி அவசியம். இலையையும் காகிதத்தையும் அருவியில் விட்டுவிட்டு வராதீர்கள். மணலூர்பேட்டைக் கூட்டத்தில் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பத்துப் பேருக்குக் குறைவாகப் புறப்படுவதாக இருந்தால், தயவுசெய்து பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.