மகாநாட்டுக்குச் சரித்திரத்தில் இடம் எது?

(தொழிலாளர் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

இணையத்தில் விக்கிப்பீடியா என்ற கலைக்களஞ்சியம் இருக்கிறது. 2001-ம் ஆண்டில் ஆரம்பமானது. படிக்கக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நம் பிள்ளைகள் பாடத்துக்காக முதலில் தேடிப் போவது பெரும்பாலும் இதைத்தான். ஆகவே இதில் எது இடம் பெறுகிறது, எது வெளியே தள்ளப்படுகிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல.

ஒரு அரசியல் மகாநாட்டைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதுகிறார். "இதற்குத் தனிக் கட்டுரை தகுமா?" என்று இன்னொருவர் ஆட்சேபிக்கிறார். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு வழக்கமாக ஏழு நாள் விவாதம். முடிவு எப்படி ஏற்படுகிறது?

ஆலை வாசலில் நாம் கை தூக்கித் தீர்மானிப்பது போல அல்ல, தோழர்களே! அங்கே தலைகளை எண்ணுவதில்லை. ஐம்பது பேர் "வேண்டும், வேண்டும்" என்று கோஷமிட்டாலும், ஒருவர் கொண்டுவரும் நல்ல ஆதாரத்துக்கு அது ஈடாகாது.

ஆதாரம் என்றால் என்ன? மகாநாட்டை நடத்தியவர்கள் அடித்த நோட்டீஸ் அல்ல. அவர்களது சொந்தப் பத்திரிகையும் அல்ல. அவர்களைச் சாராத வெளியார், நம்பத் தகுந்த பத்திரிகையிலோ புத்தகத்திலோ விரிவாக எழுதியிருக்க வேண்டும். "இன்று மாலை மைதானத்தில் கூட்டம்" என்ற இரண்டு வரிச் செய்தி போதாது. பந்தல் எவ்வளவு பெரியது, எத்தனை லாரியில் ஆள் வந்தது என்பதும் கணக்கில்லை.

"இது நம்மை மறைக்கும் சூழ்ச்சி" என்று சிலர் பொருமக்கூடும். நிதானமாக யோசிப்போம். இந்த விதி இல்லாவிட்டால் யாருக்கு லாபம்? பணமூட்டை உள்ளவன் பெரிய ஓட்டலில் நாலு பேரைக் கூட்டுவான். கூலிக்கு எழுத ஆள் வைப்பான். தன் கூட்டத்தைச் சரித்திர நிகழ்ச்சியாக ஏற்றிவிடுவான். அவனைத் தடுக்கும் வேலி நம்மையும் கட்டுப்படுத்தத்தான் செய்யும்.

இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம். 1955 ஏப்ரலில் இந்தோனேஷியாவின் பாண்டுங் நகரில் 29 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதன் தகுதியை யார் மறுக்க முடியும்?

1898 மார்ச்சில் மின்ஸ்க் நகரில், ரயில்வே ஊழியர் ஒருவரின் வீட்டில், ஜார் போலீசுக்குத் தெரியாமல் ஒன்பதே பேர் கூடினார்கள். ரஷ்ய சோஷல் டெமாக்ரடிக் தொழிலாளர் கட்சியின் முதல் காங்கிரஸ் அதுதான். சீக்கிரமே அவர்களில் பெரும்பாலோர் கைதானார்கள். அந்த வாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், காட்டுவதற்கு ஒரு பத்திரிகைத் துண்டுகூட இருந்திருக்காது. பின்னால் நண்பர்களும் எழுதினார்கள், எதிரிகளும் எழுதினார்கள். இன்று அதன் இடத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை. எனவே கூட்டத்தின் அளவு அளவுகோல் அல்ல. அது விட்டுச் சென்ற எழுத்துத் தடயமே அளவுகோல்.

இங்கேதான் உண்மையான கோளாறு இருக்கிறது. விவசாயத் தொழிலாளர்கள் கால்நடையாக வந்து மகாநாடு நடத்துகிறார்கள். கூலி உயர்வுக்குத் தீர்மானம் போடுகிறார்கள். மறுநாள் பெரிய பத்திரிகைகளில் ஒரு வரி இல்லை! பத்திரிகை முதலாளியின் மௌனம் கலைக்களஞ்சியத்தின் மௌனமாகி விடுகிறது. கலைக்களஞ்சியத்தார் வஞ்சகம் செய்யவில்லை. ஆனாலும் பாதிக்கப்படுவது ஏழைதான். இதை நாம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

சொன்னால் மட்டும் போதுமா? போதாது. தீர்மானங்களையும் வரவு செலவுக் கணக்கையும் புகைப்படங்களையும் தேதி போட்டுப் பத்திரப்படுத்துவோம். நூலகங்களுக்குக் கொடுப்போம். வெளி நிருபர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் அழைப்போம். அவர்கள் குறை சொல்லி எழுதினாலும் எழுதட்டும். பழைய பத்திரிகைக் கட்டுகளைத் தேடுவோம். ஆதாரம் இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தமிழில் அச்சான பழைய பத்திரிகையும் செல்லும்.

அப்படியும் போதாவிட்டால், ஸ்தாபனத்தைப் பற்றிய கட்டுரைக்குள் ஒரு நேர்மையான பாரா போதும். பின்னால் ஆதாரம் கிடைத்தால் தனிக் கட்டுரை மீண்டும் எழலாம். இல்லாததை இட்டுக்கட்டி எழுதினால், உள்ளதையும் உலகம் நம்பாது.

தோழர்களே! மகாநாடு முடிந்ததும் பந்தலைப் பிரிக்கிறோம், பந்தல்காரருக்குக் கணக்குத் தீர்க்கிறோம். அத்தோடு வேலை முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பாதுகாப்பதும் மகாநாட்டு வேலைதான். அதை இந்த மகாநாட்டிலிருந்தே ஆரம்பிப்போம்!