பூஜ்யத்தை நம்புவது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானிகளின் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் விஞ்ஞானி இல்லை. கோவையில் ஒரு தொழிற்சாலையில் அளவைக் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர். ஆனாலும் இந்த அழைப்பை ஏற்றதற்கு ஒரு காரணம் உண்டு. நம் போடி மேற்கு மலையை உலக இயற்பியல் வரைபடத்தில் ஏற்ற நினைத்த சில மனிதர்களைப் பற்றி, அந்த மலையைப் பார்த்து வளர்ந்த நாம் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றியது.

என் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. மீட்டர் பூஜ்யம் காட்டினால் உடனே நம்பாதே. நிஜமாகவே ஒன்றும் இல்லையா, ஒயர் அறுந்துபோச்சா என்று பார். இன்றைக்கு நான் சொல்லப்போவது முழுக்க இந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான்.

1951ஆம் ஆண்டு. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞர் ஆராய்ச்சி மாணவர். வயது இருபத்தாறு. அவரை ஹோமி பாபா கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார். வேலை தங்கம் எடுப்பதல்ல. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. நாம் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே அவை நம் உடம்பில் புகுந்து வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. பூமிக்குள் எவ்வளவு ஆழம் வரை அவை போகும்? அதை எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

அன்று தொடங்கிய எண்ணிக்கை ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு ஆழத்திலும் கருவியை வைப்பது, எண்ணுவது, இன்னும் கீழே இறங்குவது. ஆழம் கூடக் கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.7 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கருவியைக் கொண்டுபோனார்கள். அனல் அடிக்கும் பாறை, எப்போது வெடிக்கும் என்று தெரியாத சுரங்கம். அங்கே ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு மியூவான் கூட வரவில்லை. பூஜ்யம்.

நம்மில் யாராக இருந்தாலும் என்ன செய்திருப்போம்? "வேலைக்காகலப்பா" என்று மூட்டை கட்டியிருப்போம். அவர்களோ அந்தப் பூஜ்யத்தில் ஒரு புதையலைப் பார்த்தார்கள். மேலே மேலே இருந்த ஆழங்களில் அதுவரை எண்ணியது ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்த கணக்கு. ஆகவே இது அறுந்த ஒயர் காட்டும் பூஜ்யமல்ல. உண்மையான அமைதி. வேறெந்தச் சத்தமும் இல்லாத இப்படி ஓர் இடத்தில்தான் நியூட்ரினோவின் மெல்லிய குரலைக் கேட்க முடியும்!

நியூட்ரினோ என்றால் என்ன? சூரியனிலிருந்து மட்டும் நம் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன. ஒன்றும் ஆவதில்லை. பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். 1930இல் வுல்ஃப்காங் பவுலி இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அதை நிஜமாகப் பிடித்துக் காட்ட 1956 வரை, அதாவது 26 ஆண்டுகள் ஆயின. அதுவும் அணு உலையிலிருந்து வந்த நியூட்ரினோ. காற்று மண்டலத்தில் இயற்கையாகப் பிறக்கும் நியூட்ரினோவை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

டாடா நிறுவனத்தாரோடு ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, கோலாரில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைச் சுவர் மாதிரி நிறுத்தினார்கள். ஏன் சுவர்? மியூவான் தப்பித் தவறி வந்தாலும் மேலிருந்துதான் வரும். நியூட்ரினோ பாறையில் மோதி உண்டாக்கும் மியூவானோ பக்கவாட்டிலிருந்தும் வரும். பக்கவாட்டில் வந்தால் ஆள் வேறு என்று அர்த்தம். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்! அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவும் இதே வேட்டையில் இருந்தது. 1965இல் இரண்டு குழுவும் வெற்றி கண்டன. கோலார் கட்டுரை 1965 ஆகஸ்ட் நடுவில் வெளிவந்தது. ரைன்ஸ் குழுவின் கட்டுரை இரண்டு வாரம் கழித்து வந்தது.

ஸ்ரீகண்டன் பிற்காலத்தில் டாடா நிறுவனத்தின் இயக்குநரானார். 2019இல் மறைந்தார். கோலார் ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் நின்றன. 2001இல் சுரங்கமே மூடப்பட்டது. அமைதியான இடம் கைவிட்டுப் போயிற்று. அப்போது வேறோர் அமைதியான இடத்தைத் தேடியவர்கள் முதலில் நீலகிரியில் சிங்காராவைக் கேட்டார்கள். யானைகளின் காடு என்று 2009இல் மறுக்கப்பட்டது. பிறகுதான் நம் பொட்டிப்புரம் அம்பரப்பர் மலைக்கு வந்தார்கள். இந்தத் திட்டத்துக்காக விடாமல் வாதாடியவர்களில் ஒருவர் கமுதியில் பிறந்த இயற்பியலாளர் ஜி. ராஜசேகரன். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர், 2023இல் காலமானார்.

திட்டம் என்ன? சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை, அதன் முடிவில் 50,000 டன் காந்தமூட்டிய இரும்பு. இரும்புத் தகடுகளுக்கு நடுவே சுமார் 29,000 கண்ணாடிக் கருவிகள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் சதுரம். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே இரண்டே மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு, ஏறத்தாழ 10,000 வோல்ட் மின்னழுத்தம். கேள்வி ஒன்றே ஒன்று: மூன்று வகை நியூட்ரினோக்களில் எது கனமானது? இதன் சின்ன மாதிரியை, 85 டன் எடையில், மதுரையில் 2018இல் இயக்கினார்கள்.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே சமயம் நம் பக்கத்தில் எதிர்ப்பும் எழுந்தது. வழக்குகள் வந்தன. அந்த நாட்களில் விவசாயம் பார்க்கும் என் மாமா ஒருவர் கேட்டார்:

"ஏன் மருமகனே, ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுங்குறாக. அந்த ஒண்ணும் ஆகாதுங்குறத யாரு அளந்து பாத்தா?"

நான் அசந்துபோனேன். பட்டிக்காட்டுப் பயம் என்று பலர் சிரித்த கேள்வி இது. ஆனால் கோலாரில் அந்தக் குழு தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதானே? இந்தப் பூஜ்யத்தை எப்படி நம்புவது?

கதிர்வீச்சைப் பொறுத்தவரை பதில் தெளிவு. அந்த இரும்பு நியூட்ரினோவை உற்பத்தி செய்யாது. ஏற்கெனவே வந்துகொண்டிருப்பதை எண்ணும், அவ்வளவே. மாமாவிடம் அதைச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். அடுத்த கேள்வி போட்டார். "சரி, வெடி வச்சா ஊத்துத் தண்ணி என்னாகும்? மேய்ச்சலுக்கு மலையில விடுவாகளா?" இவை இயற்பியல் புத்தகத்தில் விடை உள்ள கேள்விகள் அல்ல. அந்த மலையில், அந்தக் கிணறுகளில் அளந்து, அளந்ததை அந்த மக்கள் கண் முன்னால், அவர்கள் தமிழில் வைக்க வேண்டிய கேள்விகள். 2022இல் தமிழ்நாடு அரசு, மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணம் காட்டி, திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மலை குடையப்படவில்லை. அதே கேள்விக்கு வேறு வழியில் விடை தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் எண்ணத் தொடங்கிவிட்டது.

இதில் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. விஞ்ஞானிகளின் ஆசை எனக்குப் புரிகிறது. பென்னிகுயிக் இதே மலைத்தொடரைக் குடைந்து 1895இல் தண்ணீர் கொண்டுவந்தார். பலன் வயலில் தெரிந்தது, இன்றும் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். நியூட்ரினோவால் என்ன விளையும் என்று கேட்டால், "தெரிந்துகொள்ள ஆசை" என்பதுதான் நேர்மையான முதல் பதில். மற்றவை பின்னால் வரும், எப்போது என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் சுரங்கத்தில் எண்ணிய அதே மியூவானை ஊட்டியில் எண்ணும் குழு, 2014 டிசம்பரில் வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அந்த எண்ணிக்கையை வைத்தே கணித்து 2019இல் வெளியிட்டது. 1951இல் இதை யார் நினைத்திருப்பார்கள்?

தம்பி தங்கைகளே, உங்களில் யாராவது ஆராய்ச்சிக்குப் போகலாம். போனால் பாதி வாழ்க்கை பூஜ்யங்களோடுதான் கழியும். அலுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் சரிபார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். நாளைக்கே ஒரு கிராமத்து மந்தையில் நின்று "ஒன்றும் ஆகாது" என்று சொல்ல நேர்ந்தால், எப்படித் தெரியும் என்று ஒரு பெரியவர் கேட்பார். அவரை எதிராளியாகப் பார்க்காதீர்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் கேள்வியைக் கேட்க வேண்டியவர் அவர்தான். அவருக்குப் புரியும்படி பதில் சொல்லும் விஞ்ஞானி ஒருவர் இந்தக் கல்லூரியிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை.