நாற்பத்தெட்டு மணி நேரக் கட்டளை

(மாத்தளையில் தோட்ட இளைஞர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் பஸ்ஸில் எழும்பி இடம்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மாவை நாம் படிப்பிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். 1955-இல் தொடங்கி 381 நாட்கள் மொண்ட்கொமரி நகரின் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்ததையும் சொல்வார்கள். நல்லது. ஆனால் பிரேஸ்கேர்டில் யார் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர் வேலை பார்த்த மடுல்கலை நமது மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

1936-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரெலுகாஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரை வேலை பழக வந்தவர் அவர். லயத்தில் சனங்கள் கிடந்த நிலையைப் பார்த்தார். தொழிலாளர் பக்கம் நின்றார். வேலை போனது. சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3-இல் நாவலப்பிட்டியில் என். எம். பெரேரா அவரைக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்தார். ஒரு வெள்ளைக்காரரே துரைமாரைக் கண்டித்துப் பேசினார். பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்ற நம் பாட்டன்மாருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

துரைமார் பொறுப்பார்களா? 48 மணி நேரத்தில் நாட்டை விட்டுப் போ என்று தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5-ஆம் திகதி காலிமுகத்திடல் மேடையில் வந்து நின்றார். பிறகு கைது, வழக்கு. எச். வி. பெரேரா வாதாடினார். பேசியதற்காக ஒருவரை அப்படி நாடுகடத்த முடியாதென்று அந்த மாதமே நீதிமன்றம் கட்டளையை ரத்துச் செய்தது.

அது பெரிய வெற்றி. மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்குள், 1940 ஜனவரியில், முல்லோயா வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். அவர் நம்மைப் போல ஒரு தோட்டத் தொழிலாளி. 1948-இல் நம் சனங்களின் பிரஜாவுரிமை போனது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. ஒருவருக்கு வந்த கட்டளைக்குக் கொழும்பே திரண்டது. ஐந்து இலட்சம் பேரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்மையில் ஒரு தோட்டத்தில் கூட்டம் நடத்த மடுவத்தைக் கேட்டோம். தரவில்லை. கோயில் முற்றத்தில் நடத்தினோம். அங்கே ஒரு பாட்டி, கப்பலேறிப் போன தன் அக்காவின் பெயரைச் சொல்லி அழுதார். அந்தப் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உங்கள் லயத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். போனவர்களின் பெயர், தோட்டம், டிவிசன், போன வருடம், இவற்றை ஒரு கொப்பியில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் நாம் திருத்திக்கொள்வோம்.