பார்க்கிங் டிக்கெட் வந்தால் முதலில் பலகையைப் பாருங்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், லண்டன் சாலைகளில் கவுன்சில் போடும் பார்க்கிங் அபராதம் பற்றி நமது குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பார்க்கிங் டிக்கெட் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் கட்டடத்தில் கார் வைத்திருப்பவர்களில் ஒரு தடவையாவது அந்த மஞ்சள் உறையைக் கண்ணாடியில் பார்க்காதவர் குறைவு. பார்த்ததும் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, பயந்துபோய் அன்றிரவே கட்டிவிடுகிறோம். அல்லது, மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். சாதாரணமாகக் கவுன்சில் போடும் பார்க்கிங் டிக்கெட் குற்ற வழக்கு இல்லை. 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருகிற சிவில் அபராதம் அது. லைசென்ஸில் புள்ளி ஏறாது. அதை எதிர்த்து எழுதுவதும் தவறான காரியம் இல்லை. அதற்கான வழியைச் சட்டமே வகுத்து வைத்திருக்கிறது.

அடுத்தது பணம். லண்டனில் 2025 ஏப்ரலுக்குப் பிறகு மிக அதிகமான தொகை 160 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் பாதி, அதாவது 80. இந்தப் பாதி விலைதான் பலரை அவசரப்படுத்துகிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: பணம் கட்டினால் விஷயம் அத்தோடு முடிந்தது. கட்டிவிட்டு வாதாட முடியாது. ஆகவே, கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, கார் நின்ற இடத்துக்கே திரும்பப் போய்ப் பாருங்கள்.

எதைப் பார்க்க வேண்டும்? பலகையையும் கோட்டையும். ஒரு தெருவில் கட்டுப்பாடு போட்டால், அது என்ன கட்டுப்பாடு என்று ஓட்டி வருகிறவருக்குப் போதிய அளவு தெரியும்படி பலகை வைப்பது கவுன்சிலின் கடமை. இது 1996ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. பலகை எப்படி இருக்க வேண்டும், கோடு எப்படிப் போட வேண்டும் என்பதற்கு 2016ஆம் ஆண்டின் தனி விதித்தொகுப்பு இருக்கிறது.

ஆனால் "நான் பலகையைப் பார்க்கவில்லை" என்று எழுதினால் கவுன்சில் ஒரே வரியில் மறுத்துவிடும். பார்ப்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லும். "பார்த்தாலும் புரியாதபடி, அல்லது பார்க்கவே முடியாதபடி பலகை இருந்தது" என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். நீங்கள் கவனிக்கவில்லை என்பது ஒன்று. அது சொல்லவில்லை என்பது வேறு.

நம் பகுதியில் அடிக்கடி குழப்பம் தருகிற சில இடங்களைச் சொல்கிறேன்.

இரட்டை மஞ்சள் கோடு: பலகை இல்லையே என்று வாதாடிப் பயனில்லை. எந்த நேரமும் நிறுத்தக்கூடாது என்பதுதான் அதன் பொருள். பலகை தேவையில்லை.

ஒற்றை மஞ்சள் கோடு: பொதுவாக அருகில் நேரம் எழுதிய பலகை இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கன்ட்ரோல்டு பார்க்கிங் ஸோனுக்குள் இருந்தால், நேரம் ஸோனின் நுழைவாயில் பலகையில் இருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் தனிப் பலகை வேண்டியதில்லை. நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். அப்படி டிக்கெட் வந்தால், நீங்கள் ஸோனுக்குள் நுழைந்த தெருமுனைக்குப் போய் அந்த நுழைவுப் பலகையைப் பாருங்கள். திரும்பிக் கிடக்கிறதா, மரக்கிளை மறைக்கிறதா, ஒரு பக்கப் பலகையே காணோமா என்று பாருங்கள்.

நிகழ்ச்சி நாள் கட்டுப்பாடு: வெம்பிளி ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நிகழ்ச்சி நடக்கும் நாட்களில் மட்டும் தனி விதி உண்டு. ஈலிங் ரோட்டுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். நேற்று நிறுத்திய இடத்தில் இன்று நிறுத்த முடியாமல் போகலாம்.

தற்காலிகமாக மூடிய இடம்: வீடு மாறுகிறவருக்காகவோ, தெரு வேலைக்காகவோ ஒரு இடத்தை மூடி மஞ்சள் அறிவிப்பு கட்டுவார்கள். அது எத்தனையாம் எண் வீட்டிலிருந்து எத்தனையாம் எண் வரை என்று தெளிவாக இருக்கிறதா, நீங்கள் காரை நிறுத்தியபோதே இருந்ததா என்பதுதான் கேள்வி.

நம் மூன்றாம் மாடி அக்கா ஒருவர் அனுமதி தந்ததால் அவருடைய கதையைச் சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறவர். மழைக்கால மாலையில் காரை நிறுத்திவிட்டுப் போனார், காலையில் டிக்கெட். அந்த இடத்துக்கான பலகைக் கம்பம் வளைந்து, பலகை சுவரைப் பார்த்தபடி இருந்தது. 80 பவுண்டு அவருக்கு ஒரு இரவுக் கூலி. கட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். சங்கத்தில் இரண்டு பேர் அவரோடு போய்ப் படம் எடுத்தோம். கார் நின்ற இடத்திலிருந்து கம்பத்தை நோக்கி ஒன்று, கம்பத்தின் அருகே ஒன்று, தெருவின் இரு முனையிலிருந்தும் ஒவ்வொன்று, அதே மாலை நேர வெளிச்சத்தில் இன்னொன்று. கவுன்சில் இரண்டு தடவை மறுத்தது. தீர்ப்பாயத்துக்குப் போட்ட பிறகு, விசாரணைக்கு முன்பே, வழக்கைத் தொடரவில்லை என்று கடிதம் வந்தது. ஒரு பென்னியும் கட்டவில்லை.

எல்லாக் குறையும் இப்படி வெற்றி தராது என்பதையும் சொல்ல வேண்டும். கோடு கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஓரம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் போதாது. சண்டர்லாந்து நகரத்து ஸோன் பற்றிய ஹெரன் வழக்கில் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அங்கங்கே இருக்கும் சிறு குறைகளால் முழு ஸோனும் செல்லாமல் போய்விடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் குறை உங்களைக் குழப்பியிருக்குமா என்பதுதான் அளவுகோல். பலகை தெளிவாகத்தான் இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்தால், பாதி விலையில் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

இனிப் படிகள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கண்ணாடியில் வைத்த டிக்கெட் என்றால், 14 நாளுக்குள் கவுன்சிலுக்கு எழுதுங்கள். இணையதளத்திலேயே எழுதலாம். நாலு வரி போதும், படங்கள் முக்கியம். இப்படி 14 நாளுக்குள் எழுதி அவர்கள் மறுத்தாலும், பாதி விலைச் சலுகையை மறுபடி தருவது பல கவுன்சில்களில் வழக்கம். மறுப்புக் கடிதத்தில் அந்தத் தேதி இருக்கும். தபாலில் வந்த டிக்கெட்டுக்கு இந்த முதல் படி கிடையாது; நேராக இரண்டாம் படிதான்.

இரண்டாம் படி: கட்டாமல் விட்டால் 28 நாளுக்குப் பிறகு 'நோட்டீஸ் டு ஓனர்' என்ற கடிதம் கார் உரிமையாளருக்கு வரும். அதற்கு 28 நாளுக்குள் முறையான ஆட்சேபம் எழுத வேண்டும். பலகைப் பிரச்சினைக்கு, "விதிமீறல் நடக்கவில்லை" என்ற காரணத்தைக் குறியுங்கள். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் உங்கள் ஆட்சேபத்தை ஏற்றதாகவே பொருள்.

மூன்றாம் படி: அவர்கள் மறுத்தால், 28 நாளுக்குள் லண்டன் ட்ரிபியூனல்ஸுக்கு மேல்முறையீடு. கட்டணம் கிடையாது. தீர்ப்புச் சொல்கிறவர் கவுன்சிலின் ஆள் இல்லை, சுதந்திரமான சட்டத்துறையாளர். நேரில் போகாமலும் நடத்தலாம். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மகனோ மகளோ நண்பரோ உங்கள் சார்பில் பேசலாம். ஆனால் இந்தக் கட்டத்தில் தோற்றால் முழுத் தொகை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இழுப்பறையில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் தொகை ஒன்றரை மடங்காகும். பிறகு நார்தாம்ப்டனில் உள்ள அமலாக்க மையத்தில் பதிவாகும். அதற்கும் பிறகு வீட்டு வாசலுக்கு பெய்லிஃப் வருவார். நம் கட்டடத்தில் தபால் பக்கத்து ஃபிளாட்டுக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்ததே. வீடு மாறியதும் டிவிஎல்ஏயில் முகவரியை மாற்றுங்கள். கடிதங்கள் அங்கே பதிவான முகவரிக்குத்தான் போகும். நோட்டீஸ் டு ஓனர் வரவே இல்லை என்றால், அமலாக்க மையத்தின் கடிதம் வந்த 21 நாளுக்குள் டிஇ9 என்ற படிவத்தை நிரப்பி அனுப்பலாம். அதில் பொய் எழுதக்கூடாது, அது சத்தியவாக்கு.

கடைசியாக ஒன்று. நம் கட்டடத்துக் கீழ்த்தளத்திலோ சூப்பர் மார்க்கெட்டிலோ தனியார் கம்பெனி ஒட்டும் டிக்கெட் வேறு. அதன் சுருக்கப் பெயரும் பிசிஎன்தான், குழம்ப வேண்டாம். இன்று நான் சொன்ன படிகள் அதற்குப் பொருந்தாது. உறையில் கவுன்சில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிக்கெட் வந்தால் தனியாக உட்கார்ந்து கவலைப்படாதீர்கள். அன்றைக்கே படம் எடுங்கள், தேதியைக் குறியுங்கள், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் நாலைந்து பேர் இருக்கிறோம். பலகை வளைந்தோ மறைந்தோ கிடந்தால் கவுன்சிலுக்குப் புகாரும் சேர்த்தே அனுப்புவோம். நாளைக்கு அந்த இடத்தில் இன்னொருவர் மாட்டாமல் இருப்பார்.

கேள்விகள் இருந்தால் தேநீர் குடித்துக்கொண்டே பேசலாம்.