தாத்தா போட்ட வாக்கும் பேரன் கேட்கும் வாக்கும்

(எமது தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பதினெட்டு வருஷம் இந்தக் கிளைக்குத் தலைவராக இருந்தவர் என் அப்பா. அவர் போய் எட்டு மாதமாகிறது. அன்று முதல் லயத்திலும் கோயிலடியிலும் ஒரே பேச்சுத்தான்: “அப்பா இருந்த இடத்தில் மாஸ்டரே இருக்கட்டும்.” அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

என் மனைவியின் ஊர் வேலணை. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் போகவேண்டும். 2024 நவம்பர் பொதுத் தேர்தலுக்கு முந்திய வாரம் அங்கே போயிருந்தோம். வாசலில் ஒருவர் சைக்கிள் சின்னம் போட்ட துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார். மாமி படத்தைப் பார்த்துவிட்டு, “உவர் ஜி.ஜி.யின்ரை பேரன், குமாரின்ரை மகன்” என்றார். “வேறென்ன தெரியும் மாமி?” என்று கேட்டேன். “வேறென்ன தெரியவேணும் தம்பி?” என்றார்.

அந்தப் படத்தில் இருந்தவர் கஜேந்திரகுமார் பொன்னம்பலம். அவருடைய தாத்தா ஜி.ஜி. பொன்னம்பலம், அல்வாயைச் சேர்ந்த வழக்கறிஞர். 1947 தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் ஜி.ஜி. யாரைத் தோற்கடித்தார் தெரியுமா? அருணாசலம் மகாதேவாவை. மகாதேவா சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன்; உள்துறை அமைச்சராக இருந்தவர். அருணாசலத்தை நாம் மறக்கக்கூடாது. கங்காணி கடனைத் துண்டில் எழுதி, அந்தத் துண்டில்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகமுடியாமல் வைத்திருந்த முறை 1921ல் ஒழிந்ததில் அவருடைய உழைப்பு உண்டு. அப்பேர்ப்பட்டவரின் மகனைத்தான் சனங்கள் தோற்கடித்தார்கள். ஜெயித்தவரோ பின்னால் தானே ஒரு அரசியல் குடும்பத்தைத் தொடக்கிவைத்தார்.

இனி நம்முடைய கதை. 1948 ஓகஸ்டில் குடியுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. “பொன்னம்பலம் கைதூக்கி நம்மை நாடற்றவர் ஆக்கினார்” என்று நம்மவர் சொல்வது வழக்கம். அது அப்படியே சரியல்ல. அந்த முதல் சட்டத்துக்கு அவர் எதிராகவே வாக்களித்தார். அடுத்த மாதமே அரசாங்கத்தில் சேர்ந்து கைத்தொழில் அமைச்சரானார். அந்த டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமூலம் வந்தபோது ஆதரவாக வாக்களித்தார். மணமானவர் தொடர்ந்து ஏழு வருஷம், மணமாகாதவர் பத்து வருஷம் இங்கே வசித்ததை நிரூபிக்கவேண்டும், இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். லயத்துக் காம்பிராவில் பிறந்தவன் எந்தக் கடதாசியைக் காட்டுவான்? விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1947ல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952ல் ஒரு ஆசனமும் இல்லை.

இந்த விஷயத்தில் செல்வநாயகம் முதலானோர் ஜி.ஜி.யை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். அமைச்சராக ஜி.ஜி. நல்லதும் செய்தார். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி என்று தொழிற்சாலைகளோடு அவர் பெயர் சேர்த்துப் பேசப்படுகிறது. இரண்டையும் சேர்த்தே கணக்குப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சனங்கள் பார்த்தார்கள். 1960லும் 1970லும் அவரைத் தோற்கடித்தார்கள்.

மகன் குமார் பொன்னம்பலம் 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்று, யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். 2000 ஜனவரி 5ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வருஷமே பேரன் கஜேந்திரகுமார் பாராளுமன்றம் போனார். 2004லும் ஜெயித்தார். 2010ல் கூட்டமைப்பை விட்டு வெளியேறித் தனியாக நின்றார், தோற்றார். 2015லும் தோற்றார். பத்து வருஷம் ஆசனமில்லாமல் அதே சைக்கிளோடு, அதே கொள்கையோடு நின்று 2020ல் ஜெயித்தார். 2024லும் ஜெயித்தார். அவர் கொள்கை சரியா பிழையா என்பது வேறு பேச்சு. குடும்பப் பெயர் முதல் வாசலைத் திறந்துவிட்டது. அதே பெயரை வைத்துக்கொண்டே இரண்டு தடவை அவர் வெளியில் நின்றார். வாக்குச் சீட்டு இருந்தபடியால்தான் அது நடந்தது.

மாமியின் தீவுப் பகுதிக்கு முன்பு ஊர்காவற்றுறை என்று தனித் தொகுதி இருந்தது. 1947 தொடக்கம் தம்பிஐயா, வி.ஏ. கந்தையா, வி. நவரத்தினம், கா.பொ. இரத்தினம் என்று நாலு பேர் வந்தார்கள். ஒருவரும் மற்றவருடைய பிள்ளை அல்ல. 1989 தேர்தலிலிருந்து தீவுகள் யாழ்ப்பாண மாவட்டத்தோடு ஒரே பட்டியல். நெடுந்தீவுப் பெட்டி கடல் கடந்து வந்து மற்றப் பெட்டிகளோடு எண்ணப்படுகிறது. வேட்பாளர் எங்கோ இருக்கிறார், ஊருக்குத் தெரிவது பெயர் மட்டும். அதனால்தான் மாமி “வேறென்ன தெரியவேணும்” என்று கேட்டார். அவரிலே குறை சொல்ல நான் வரவில்லை.

நம்ம பக்கமும் அப்படித்தானே? சௌமியமூர்த்தி தொண்டமான் 1947ல் நுவரெலியாவிலிருந்து போனவர். பேரன் ஆறுமுகன் 1994ல் போனார், 2020 மே மாதம் காலமானார். அதே வருஷம் ஓகஸ்டில் அவர் மகன் ஜீவன், இருபத்தைந்து வயதில், ஒரு லட்சத்துக்கு மேல் விருப்பு வாக்கெடுத்துப் போனார். அப்பா செத்த வீட்டுக்கு நாம் காட்டிய மரியாதை அது. மரியாதை காட்டுவது தப்பில்லை. ஆனால் மரியாதைக்கு ஒரு தடவை போட்ட வாக்குக்கு அடுத்த தடவை கணக்குக் கேட்கவேண்டும். சம்பளம் என்னாச்சு, காணி உறுதி என்னாச்சு என்று கேட்கவேண்டும்.

இப்போது நம்ம கிளைக்கு வருகிறேன். பாராளுமன்றத்துக்கு நமக்கு வாக்குச் சீட்டு இருக்கிறது. இந்தக் கிளைக்கு இருக்கிறதா? என் அப்பா பதினெட்டு வருஷம் தலைவராக இருந்தார். ஒரு தடவைகூட எதிர்த்து யாரும் நின்றதில்லை. “சம்மதமா?” என்று கேட்பார்கள், கை தட்டுவோம், டீ குடிப்போம், போவோம். அப்பா நல்லவர். அரைப் பேர் வெட்டினால் அன்றைக்கே ஒஃபீசுக்குப் போய் நிற்பார். ஆனால் சந்தாக் கணக்கை அவர் ஒரு நாளும் கூட்டத்தில் வாசித்ததில்லை. நாமும் கேட்டதில்லை. அவருடைய கொப்பியைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது. பிழையான செலவு ஒன்றும் அதில் இல்லை. இருந்திருந்தாலும் நமக்குத் தெரிந்திருக்காது. அப்பாவைப் பற்றி இந்த மேடையில் இதைச் சொல்வது எனக்குச் சுலபமில்லை. அம்மா முன்வரிசையில் இருக்கிறார்.

ஆகவே என் பதில் இதுதான். கை தட்டி என்னைத் தலைவராக்க வேண்டாம். அடுத்த மாதச் சம்பள நாளுக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக் காம்பிராவில் ஒரு பெட்டி வைப்போம். சந்தா கட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. எழுதத் தெரியாதவர்களுக்குச் சின்னம் போடுவோம். போட்டியிட விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். முக்கியமாக அக்காமாரே, இந்தக் கிளையின் சந்தாவில் பாதிக்கு மேல் உங்கள் கொழுந்திலிருந்து வருகிறது. தலைவர் பட்டியலில் இதுவரை உங்களில் ஒருவர் பெயரும் இருந்ததில்லை.

நானும் பெயர் கொடுப்பேன். தோற்றால் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், மனு எழுதிக் கொடுக்கிறேன். ஜெயித்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சந்தாக் கணக்கை இதே இடத்தில் நின்று வாசிக்கிறேன். அப்பாவின் கொப்பியையும் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேசையில் இருக்கும், யாரும் பார்க்கலாம்.

சீட்டில் என் அப்பா பெயர் இருக்காது. என் பெயர் மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்துப் போடுங்கள்.